“ஃபிக்ஸ்” என்றால் எதை?

கோத்தகிரிப் பக்கம் மழை வலுத்தால் மரம் விழும், கரண்ட் போகும், பின்னாலேயே நெட்டும் போகும். கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் (Git) ஒரு வசதி, ரெப்போவின், அதாவது புராஜெக்ட் கிடங்கின், மொத்த வரலாறும் லேப்டாப்பிலேயே இருக்கும். நெட் இல்லாமலே மாற்றங்களின் பட்டியலான லாக் பார்க்கலாம், எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்று காட்டும் பிளேம் போடலாம். பார்த்தால், ஒவ்வொரு கமிட்டோடும் (பதிந்த மாற்றத்தோடும்) எழுத வேண்டிய மெசேஜில் என்ன இருக்கிறது? “ஃபிக்ஸ்”. அதன் கீழே “ஃபிக்ஸ்”. “அப்டேட்”. “ஃபைனல்”. “ஃபைனல் நியூ”. வயிறு எரிகிறது!

நாங்கள் எழுதுவது சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கும் தொழிற்சாலைக்கான பட்டுவாடா மென்பொருள். இலை நனைந்து வந்தால் எடையில் கொஞ்சம் கழிப்பார்கள். மிச்ச எடைக்குத்தான் காசு. அந்தக் கழிவை முன்பு மாத மொத்தத்தில் ரவுண்ட் செய்தோம், இப்போது மூட்டைக்கு மூட்டை ரவுண்ட் ஆகிறது. “கணக்கு இடிக்குதே தம்பி” என்று விவசாயி வந்து நிற்கிறார். தொழிற்சாலை கேட்டதா, தராசு மாறியதா, கைதவறி வந்ததா? பிளேம் பெயரையும் தேதியையும் சொல்கிறது. காரணம்? “ஃபிக்ஸ்”. எழுதியவர் வேலையை விட்டு பெங்களூரு போய்விட்டார். போன் போட்டால், “ஞாபகம் இல்லையே ப்ரோ.”

என்ன மாறியது என்று டிஃப் காட்டும். ஏன் மாறியது என்று அதற்கு எப்படித் தெரியும்? அதை எழுதத்தானே மெசேஜ்! உதாரணமாக, “நனைந்த இலைக் கழிவை மூட்டைவாரியாக ரவுண்ட் செய்”, ஒரு வெற்று வரி, அப்புறம் “புதுத் தராசு மூட்டைக்கு ஒரு ரசீது தருவதால்”. முடிந்தது. முதல் வரி 50 எழுத்துக்குள், விளக்கம் 72-ல் மடித்து என்பதெல்லாம் வழக்கம்தான், கொஞ்சம் கூடினால் குடி முழுகாது. வெற்று வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள், விட்டால் கிட் இரண்டையும் ஒட்டித் தலைப்பாக்கிவிடும்.

இதைவிடக் கொடுமை, ஒரே கமிட்டில் ரவுண்டிங், பட்டன் நிறம், ஃபைல் பெயர், இன்டென்ட் எல்லாம். பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று தேடும் பைசெக்ட் கஷ்டப்பட்டு அந்தக் கமிட்டில் கொண்டுவந்து நிறுத்தும். அதை ரிவர்ட் செய்தால், அதாவது திருப்பிப் போட்டால், பட்டனும் சேர்ந்து போகும். கமிட்டுக்கு மாற்றங்களை எடுத்துவைக்கும் ஆட் கட்டளையோடு ‘-பி’ (-p) சேர்த்தால் துண்டு துண்டாகப் பிரித்துப் போடலாமே!

“டைம் இல்லண்ணா” என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் சொந்தப் பிராஞ்சில் (தனிக் கிளையில்) எத்தனை “ஃபிக்ஸ்” வேண்டுமானாலும் போடுங்கள், யார் கேட்டது? எல்லாருக்கும் பொதுவான மெயினில் சேர்க்கும் முன் ரீபேஸ் செய்து, அதாவது கமிட்டுகளைச் சேர்த்துத் திருத்தி, ஒழுங்காக்குங்கள். கடைசிக் கமிட்டை மட்டும் திருத்த அமெண்ட் போதும், ஒரு நிமிடம்கூட ஆகாது. எல்லாம் புஷ்ஷுக்கு, அதாவது சர்வருக்கு அனுப்புவதற்கு, முன்னால். பொதுப் பிராஞ்சில் புஷ் செய்தபின் வரலாற்றை மாற்றி, சர்வரில் இருப்பதன் மேலேயே எழுதும் ஃபோர்ஸ் புஷ் அடித்து, எல்லாரையும் தவிக்கவிட்ட ஒரு புண்ணியவானும் எங்கள் டீமில் உண்டு. அவருக்குத் தனிப் பதிவே போட வேண்டும்.