முதலில் அந்தப் பிள்ளையைக் கதைக்க விடுங்கள்

கொழும்பில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபைகள் நடத்தும் வாலிபர் கூட்டம் ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். டிரம் செட் இருக்கும், கலர் லைட் இருக்கும், திரையில் பாட்டு வரிகள் ஓடும். ஆனால் வந்திருக்கும் பிள்ளை தன் கஷ்டத்தைச் சொல்ல அங்கே ஐந்து நிமிடம் கிடைக்காது. பாட வேண்டும், கை தட்ட வேண்டும், செய்தி கேட்க வேண்டும், கடைசியில் கண்ணை மூடிக் கை உயர்த்த வேண்டும். பிறகு ரோல்ஸும் பிளேன்டீயும். உண்மையான ஊழியம் ஏதாவது நடந்தால் அந்த ரோல்ஸ் நேரத்தில்தான் நடக்கிறது என்பது என் நெடுநாள் சந்தேகம்.

இசையின் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் ஆராதனைக் குழுவில் பாடியவள்தான். ஆனால் மனத்துக்கம் உள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன் குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப் போல என்று நீதிமொழிகள் 25:20 சொல்கிறது. இதை வைத்து யாராவது பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை.

யார் இந்தப் பிள்ளைகள்? ஹட்டன், பதுளைப் பக்கமிருந்து வந்து புறக்கோட்டைத் துணிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நின்றபடி வேலை செய்கிறவன். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து வெள்ளவத்தை போர்டிங்கில் நான்கு பேரோடு ஓர் அறையைப் பங்கு போடுகிறவள். அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலை செய்ய, அம்மம்மாவிடம் வளர்கிறவர்கள். உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் ஸ்கோர் போதாமல் போன நாளிலிருந்து வீட்டில் தலை நிமிராதவர்கள். 2019 ஏப்ரல் 21 அன்று, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த ஈஸ்டர் பூசையில் எட்டு வயதில் இருந்த பிள்ளை இப்போது சாதாரண தரப் பரீட்சை வயதில் நிற்கிறது. அதற்கு ஈஸ்டர் என்றால் என்ன என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளையிடம் மைக்கை நீட்டி "மன்னித்துவிட்டீர்களா?" என்று கேட்கிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். காயம் ஆறுவதற்குள் சாட்சி சொல்ல வைக்கும் அவசரம் நம்மிடம் நிறைய உண்டு.

எலியா தீர்க்கதரிசியின் கதையை எடுங்கள் (1 இராஜாக்கள் 19). சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். இப்படிச் சொல்லும் ஒருவரிடம் நாம் என்ன செய்வோம்? "விசுவாசம் இல்லாத பேச்சு" என்று கண்டிப்போம், அல்லது தலையில் கை வைத்து உரத்த சத்தமாக ஜெபிப்போம். எலியாவிடம் வந்த தேவதூதன் இரண்டில் எதையும் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து, தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார். படுக்க விட்டான். பிறகு இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். அப்புறம் ஓரேப் மலையில் கர்த்தரே, இங்கே உனக்கு என்ன காரியம் என்று கேட்கிறார். எலியா தன் மனக்குறையைக் கொட்டுகிறார். காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, அமர்ந்த மெல்லிய சத்தம் எல்லாம் வந்து போன பிறகு கர்த்தர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறார். எலியாவும் கிட்டத்தட்ட ஒரு சொல் மாறாமல் அதே பதிலைத் திரும்பச் சொல்கிறார். "இதைத்தான் முதலே சொன்னாயே" என்று கர்த்தர் இடைமறிக்கவில்லை. ஒரு பிள்ளை அதே காதல் தோல்வியை மூன்றாம் தடவை சொல்லும்போது நம் முகம் எப்படிப் போகிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எலியாவுக்குச் சொல்லப்பட்டது இத்தனைக்கும் பிறகுதான்.

எங்கள் சபையில் ஓர் அண்ணா இருக்கிறார். த்ரீவீல் ஓட்டுகிறவர், மேடை ஏறமாட்டார், மைக்கைக் கண்டால் ஓடுவார். ஞாயிறு பின்னேரங்களில் போர்டிங் பையன்கள் யாரையாவது ஏற்றிக்கொண்டு காலிமுகத்திடலுக்குப் போவார். இஸ்ஸோ வடை (இறால் வடை) வாங்கிக் கொடுத்துக் கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள், அவ்வளவுதான். அப்படிப் போன ஒரு தம்பியிடம் அவர் என்னதான் சொல்லுவார் என்று ஒருநாள் கேட்டேன். "அவர் ஒன்றும் சொல்லமாட்டார் அக்கா. 'பிறகென்ன நடந்தது' என்று மட்டும் கேட்பார். வேறு யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை" என்றான். அந்தத் தம்பி சைவக் குடும்பம். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, "உங்களுக்கு ஏன் இந்தப் பொறுமை?" என்று அவனாகவே அண்ணாவிடம் கேட்டிருக்கிறான். அப்போதுதான் அவர் இயேசுவைப் பற்றிப் பேசினார். இன்றைக்கும் அந்தத் தம்பி கோயிலுக்கும் போகிறான், அண்ணாவோடு காலிமுகத்திடலுக்கும் போகிறான். அவன் ஞானஸ்நானம் எடுக்கவில்லை என்பதால் அந்த நேரமெல்லாம் வீண் என்று சபையில் ஒருவர் கணக்குப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான்.

உடைந்த நிலையில் இருக்கும் பத்தொன்பது வயதுப் பையன், தன்னிடம் அன்பாகப் பேசிய முதல் ஆள் கை உயர்த்தச் சொன்னால் உயர்த்துவான். எதற்கும் உயர்த்துவான். அதை இயேசுவை ஏற்றுக்கொண்ட தீர்மானம் என்று ரெஜிஸ்டரில் எழுதுவது நேர்மையில்லை. மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று 2004இல் பாராளுமன்றம் வரை வந்த நாடு இது. அந்தச் சட்டமூலத்தை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் "என் பிள்ளையின் கஷ்டத்தைப் பார்த்து வளைத்துப் போட்டுவிடுவார்கள்" என்று ஒரு சைவத் தாய் பயப்பட்டால், அந்தப் பயத்துக்கு நாமும் காரணம் கொடுத்திருக்கிறோம். பேதுரு உத்தரவு சொல்ல ஆயத்தமாக இருக்கச் சொல்வது, நம் நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்குத்தான். அதுவும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் (1 பேதுரு 3:15). விசுவாசம் கேள்வியினாலே, அதாவது காதால் கேட்பதாலே, வரும் என்று பவுல் எழுதியிருக்கிறாரே என்பீர்கள். சரி, நானும் அதை நம்புகிறேன். யாராலும் கேட்கப்படாத பிள்ளை எதையும் காதில் வாங்காது என்பதையும் சேர்த்து நம்புகிறேன்.

இதில் பாஸ்டர்மாருக்கு ஒரு செய்தி. லண்டனில் சாட் வாரா என்று ஓர் ஆங்கிலிக்கன் குருவானவர் இருந்தார். 1935இல் அவர் செய்த முதல் அடக்க ஆராதனை ஒரு பதினான்கு வயதுப் பெண்பிள்ளைக்கு. முதல் மாதவிடாயைப் பால்வினை நோய் என்று நினைத்துப் பயந்து உயிரை விட்டவள். கேட்க ஒருவரும் இல்லை. 1953இல் அவர் தன் ஆலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, மனம் உடைந்தவர்களை வரச் சொன்னார். அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கத் தொண்டர்கள் இருந்தார்கள். கொஞ்ச நாளில் ஒன்று தெரிந்தது: பலர் அந்தத் தொண்டர்களிடமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, குருவானவரைப் பார்க்காமலே ஆறுதலாகத் திரும்பிப் போனார்கள். அதற்குப் பிறகு கேட்கும் வேலையைத் தொண்டர்களிடமே விட்டார், அங்கே பிரசங்கம் கூடாது என்றும் வைத்தார். அதுதான் சமாரிட்டன்ஸ். அதே வழியில் 1974இல் கொழும்பில் தொடங்கியது சுமித்ராயோ. அது மத நிறுவனம் அல்ல, கேட்பது மட்டுமே அதன் வேலை.

இன்னொன்று, நம் வாட்ஸ்அப் குரூப்கள். "இந்தத் தங்கச்சிக்காக ஜெபியுங்கள், வீட்டில் பிரச்சினை" என்று ஒரு ஜெபக் குறிப்பு போகிறது. இரவுக்குள் வெள்ளவத்தையிலிருந்து வத்தளை வரை தெரிந்துவிடும். பெயர் போடாவிட்டாலும் நமக்கா கண்டுபிடிக்கத் தெரியாது! அந்தத் தங்கச்சி இனி யாரிடமும் வாய் திறக்கமாட்டாள். ரகசியம் காக்கத் தெரியாத சபை கேட்கும் ஊழியத்தைத் தொடங்காமலே இருக்கலாம்.

ரகசியத்துக்கும் எல்லை உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்றால் சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழைக்க வேண்டும், செய்தவர் மூப்பராக இருந்தாலும். சாக வேண்டும் போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் தனியே விடாதீர்கள், வைத்தியரிடம் கூட்டிப் போங்கள், தேசிய மனநல உதவி இலக்கம் 1926. தற்கொலை முயற்சியைக் குற்றமாகப் பார்ப்பதை இலங்கைச் சட்டமே 1998இல் கைவிட்டுவிட்டது. நம் பிரசங்க பீடங்கள் சில இன்னும் கைவிடவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் பொட்டு வைத்த பிள்ளைகளும் சிங்களப் பெண்களும் ஒரு மூலையில் இருந்து அழுதுவிட்டுப் போவார்கள். நீ எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. பெந்தெகொஸ்தேயில் வளர்ந்த எனக்கு அந்த மெழுகுதிரியும் சுரூபமும் பழக்கமில்லை. ஆனாலும் இந்த விஷயத்தில் அவர்கள் எங்களுக்கு முன்னால் நிற்கிறார்கள், ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். எங்கள் ஆலயங்கள் கிழமை நாட்களில் பூட்டுப் போட்டுக் கிடக்கின்றன. நான்கு பேர் அறையில் படுக்கும் பிள்ளை தனியாக அழக்கூட இந்த நகரத்தில் இடமில்லை.

நாங்கள் சிலர் சேர்ந்து, புதன் பின்னேரங்களில் சபை ஹோலைத் திறந்து வைக்க அனுமதி கேட்டிருக்கிறோம். பாட்டு இல்லை, செய்தி இல்லை, ஒரு கேத்தலும் சில கதிரைகளும், கேட்கப் பழகிய இரண்டு மூன்று பேரும். கமிட்டி கூடி யோசித்துவிட்டு, கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று கேட்டு அனுப்பியிருக்கிறது. மேடை லைட்டுகளில் பாதியை ஞாயிற்றுக்கிழமை அணைத்து வைத்தால் சரியாகிவிடும் என்று பதில் எழுதியிருக்கிறேன்.