மாமிக்கு ஒரு வெள்ளைச் சோஸ்

(வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் மாமிக்குத் தன் கையால் மக்ரோனி சமைப்பதாக மருமகன் வாக்குக் கொடுத்துவிட்டார். மகள் வேலைக்குப் போய்விட்டதால் தடுப்பதற்கு ஆளில்லை.)

மாமி: தம்பி, தாச்சியில் பட்டரையும் மாவையும் போட்டு என்ன கிண்டுகிறீர்கள்?

மருமகன்: இதற்கு ‘ரூ’ என்று பெயர் மாமி. பிரெஞ்சுக்காரரின் பல சோஸ்களுக்கு இதுதான் அத்திவாரம்.

மாமி: கடைப் பற்றுச்சீட்டில் விலைக்கு முன்னால் போடுகிற ‘ரூ’வா? பட்டர் விற்கிற விலைக்குப் பொருத்தமான பெயர்தான்.

மருமகன்: 50 கிராம் பட்டரை உருக்கி, அதே நிறையில் கோதுமை மாவைப் போட்டு, பச்சை மா வாசம் போகும்வரை மெல்லிய நெருப்பில் இரண்டு மூன்று நிமிடம் கிண்டிவிட்டு, 600 மில்லிலீற்றர் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றினால் வெள்ளைச் சோஸ் வந்துவிடும்.

மாமி: நாங்கள் கூழுக்கு ஒடியல் மாவைத் தண்ணீரில் கரைத்துத்தானே ஊற்றுகிறோம்? அதற்குப் பட்டர் கேட்டு யாரும் அழுததில்லையே.

மருமகன்: மாத்துகள் ஒவ்வொன்றையும் பட்டர் பூசிப் பிரித்து வைப்பதால், பால் பட்டதும் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதில்லை மாமி.

மாமி: நல்லது. மாவை நீல மூடி டின்னிலிருந்து எடுக்கவில்லையே? அது நான் இடியப்பத்துக்கு அவித்து அரித்து வைத்த மா.

மருமகன்: சிவப்பு மூடி, மாமி.

மாமி: பிழைத்தீர்கள்.

(கைத்தொலைபேசி அடிக்கிறது. மனைவியிடம் “எல்லாம் நன்றாகவே நடக்கிறது” என்று சொல்லி முடிக்க ஆறு நிமிடம் ஆகிறது.)

மாமி: தம்பி, வெள்ளைச் சோஸ் கோப்பித்தூள் நிறத்தில் இருக்கிறது.

மருமகன்: அது பிழையென்று சொல்ல முடியாது மாமி. வெள்ளை, பொன்னிறம், மண்ணிறம் என்று ரூவில் படிகள் உண்டு. லூசியானாவில் கம்போ என்ற குழம்புக்காக வேண்டுமென்றே சொக்லேட் நிறம் வரும்வரை கிண்டுவார்கள்.

மாமி: பட்டரிலா?

மருமகன்: ...பெரும்பாலும் எண்ணெயில்.

மாமி: அதுதான் உங்களுடையதில் கறுப்புப் புள்ளிகள் மிதக்கின்றன. பட்டரில் இருக்கிற பாற்பொருள் கருகிவிட்டது.

மருமகன்: அதோடு, நிறம் ஏற ஏற மாவின் தடிப்பாக்கும் சக்தியும் குறைந்துவிடும்.

மாமி: அப்படியானால் இது கருகியும் தடிக்காது. ஊற்றுங்கள் தொட்டிக்குள்.

(இரண்டாவது 50 கிராம். இம்முறை தொலைபேசி மாமியின் மடியில்.)

மாமி: நிறம் சரி. ஆனால் கட்டி தெரிகிறதே? பட்டர் பூசிப் பிரித்து வைக்கும் என்றீர்கள்.

மருமகன்: இது மாவின் கட்டியில்லை மாமி, பால்மாவின் கட்டி. பாலை அவசரமாகக் கரைத்துவிட்டேன்.

(மாமி ஒன்றும் சொல்லாமல் தேநீர் வடியை எடுத்து நீட்டுகிறார். சோஸ் வழவழப்பாக இறங்குகிறது. சாதிக்காய்த் தூளும் விழுகிறது. மாமி கரண்டியின் பின்புறத்தைச் சோஸில் தோய்த்து விரலால் ஒரு கோடு இழுக்கிறார். கோடு அழியாமல் நிற்கிறது.)

மாமி: உண்மையில் நன்றாக வந்திருக்கிறது தம்பி. ஆறினால் இறுகிவிடும், உடனே சாப்பிடுவோம். அவித்த மக்ரோனி எங்கே?

மருமகன்: ...மாமி, காலையில் அவித்த இடியப்பம் எத்தனை மிச்சம் இருக்கிறது?

மாமி: இருபது இருக்கிறது. சொதியும் இருக்கிறது.