பாஜியோவை வேண்டாம் என்ற ஆன்செலோட்டி

'நட்சத்திரங்களாகப் பார்த்துக் கையில் கொடுத்தால் யார்தான் ஜெயிக்க மாட்டார்கள்?' இத்தாலியக் கால்பந்துப் பயிற்சியாளர் கார்லோ ஆன்செலோட்டி கோப்பை வாங்கும்போதெல்லாம் யாராவது இப்படி எழுதிவிடுகிறார்கள். பயிற்சியாளராக, ஐரோப்பிய கிளப்களின் உச்சக் கோப்பையான சாம்பியன்ஸ் லீக் 5 முறை, ஐரோப்பாவின் 5 பெரிய லீக்குகளிலும் பட்டம். இதையெல்லாம் அதிர்ஷ்டக் கணக்கில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த மனிதர் ஒரு நட்சத்திரத்தை வாசலோடு திருப்பி அனுப்பியவர்.

1997. இத்தாலிய லீக்கில் பார்மா அணியை யுவென்டஸுக்கு வெறும் 2 புள்ளி பின்னால் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்திருந்தார். இத்தாலியின் நட்சத்திரம் ராபர்டோ பாஜியோ அங்கே வரத் தயாராக இருந்தார். ஆனால் பாஜியோவுக்கு ஸ்ட்ரைக்கர்களுக்குப் பின்னால் ஆட வேண்டும். ஆன்செலோட்டியின் 4-4-2-இல் (4 தற்காப்பு, 4 நடுக்களம், 2 ஸ்ட்ரைக்கர்) அப்படி ஓர் இடமே கிடையாது. வேண்டாம் என்றுவிட்டார். பாஜியோ போலோன்யாவுக்குப் போய் அந்த சீசனில் லீக்கில் மட்டும் 22 கோல் அடித்தார். தான் செய்தது தவறு என்று ஆன்செலோட்டியே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

ஏன் அவ்வளவு பிடிவாதம்? வீரராக ரோமாவில் ஆடியபோதே அவருக்கு முழங்காலில் பெரிய காயங்கள். 1984 ஐரோப்பியக் கோப்பை (சாம்பியன்ஸ் லீக்கின் பழைய பெயர்) இறுதி சொந்த மைதானத்தில் நடந்தது, அதில்கூட ஆட முடியவில்லை. அந்தக் காலோடு மிலானுக்கு வந்தவரை நடுக்களத்தில் நிறுத்தி, 1989, 1990 என இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளை வாங்கவைத்தவர் அங்கே பயிற்சியாளராக இருந்த அரிகோ சாக்கி. ஆளைவிட அமைப்பு பெரியது என்பது சாக்கியின் பாடம். அந்தப் பாடத்தால் வாழ்வு பெற்றவர் அதை எப்படி உடனே விடுவார்?

அப்புறம் யுவென்டஸின் பயிற்சியாளரானபோது, ஸ்ட்ரைக்கர்களுக்குப் பின்னால் ஆடும் ஜிதானுக்காக அணியையே மாற்றி அடுக்கினார். லீக் பட்டம் கிடைக்கவில்லை, இரண்டு முழு சீசன்களிலும் இரண்டாம் இடம்தான்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம், அவர் பயிற்சியாளராக மிலானுக்குத் திரும்பியபின் வருகிறது. அதன் தொடக்கம் மட்டும் வேறொரு இத்தாலிய அணியில். 2001-இல் பிரெஷாவில் 10-ஆம் எண் இடம், அதாவது ஸ்ட்ரைக்கர்களுக்குப் பின்னால் இருக்கும் இடம், பாஜியோவுடையது. அதே இடத்துக்கான ஆளாக வந்த இளைஞன் பிர்லோவை, பயிற்சியாளர் மட்ஸோனே தற்காப்புக்கு முன்னால் இறக்கி ஆடவைத்தார். பாஜியோ இருந்ததால் கிடைத்த இடம் அது! மிலானுக்கு வந்த பிர்லோ, தற்காப்புக்கு முன்னாலேயே ஆடுகிறேன் என்று ஆன்செலோட்டியிடம் தானே கேட்டார். பந்தைப் பறிக்கும் பலம் இல்லாத ஒருவரை அங்கே நிறுத்துவது அன்றைய இத்தாலியில் சின்ன விஷயமில்லை. ஆன்செலோட்டி சம்மதித்தார். பிர்லோவுக்காக ஓட, பந்தைப் பிடுங்கிக் கொடுக்க, பக்கத்தில் கட்டுஸோ. 2003-இல் சாம்பியன்ஸ் லீக் வந்தது. 2005 இஸ்தான்புல்லில் 3-0 என்று முன்னால் இருந்து லிவர்பூலிடம் தோற்றார்கள், சரி. அதே லிவர்பூலை 2007-இல் ஏதென்ஸில் வென்றார்கள். முதல் கோல், பிர்லோ அடித்த ஃப்ரீ கிக் இன்ஸாகி மேல் பட்டு உள்ளே போனது.

1997-இன் ஆன்செலோட்டியிடம் பிர்லோ அதே வேண்டுகோளோடு போயிருந்தால், பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.