மாடித் தொட்டிப் புழு வீட்டு ஈயாக மாறாது

சமையல் கழிவைத் தின்ன மாடியில் புழு வளர்த்தால், அதெல்லாம் வீட்டு ஈயாகிச் சாப்பாட்டில் உட்கார்ந்து நோய் பரப்பும் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. பயம் நியாயம்தான் அண்ணே, ஆனால் அந்தப் புழு வேறு ஈயினுடையது.

இதற்கென வளர்ப்பது கருப்புப் படைவீரர் ஈ. இது வயிறு முட்டத் தின்பது புழுவாக இருக்கும்போதுதான். ஈயான பிறகு, சேர்த்து வைத்த கொழுப்பிலேயே சில நாட்களை ஓட்டிவிடும். நம் சோற்றிலும் வடையிலும் அதற்கு வேலை இல்லை.

என் பேச்சை நம்ப வேண்டாம். தொட்டியில் கரும்பழுப்பாக மாறிய பத்துப் புழுவை எடுத்து, காய்ந்த தேங்காய் நார்த்தூளோடு ஒரு பாட்டிலில் போட்டு, வாயைப் பழைய வேட்டித் துணியால் கட்டி நிழலில் வையுங்கள். மதுரை வெயிலுக்கு இரண்டு மூன்று வாரம் போதும். வெளிவருவது ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில், மெலிந்து கருப்பாக இருக்கும். வயிறு தொடங்கும் இடத்தில் கண்ணாடி போல இரண்டு ஜன்னல், கால் நுனிகளில் வெள்ளை. வீட்டு ஈ இதில் பாதிதான். சாம்பல் நிறம், முதுகில் நான்கு கருங்கோடு. வில்லாபுரத்தில் எங்கள் மாடியில் முதலில் பார்த்தபோது அம்மா குளவி என்று விளக்குமாற்றைத் தூக்கிவிட்டார். இது கொட்டாது.

தொட்டி சொதசொதவென்று நாறினால் வீட்டு ஈயும் வரலாம், அதை மறுக்கவில்லை. அதன் புழு வெள்ளையாக, ஒரு முனை கூராக இருக்கும். அப்படித் தெரிந்தால் கொஞ்சம் மரத்தூள் போட்டுக் கிளறிவிடுங்கள்.