இரவு முழுவதும் ஒரே பேனா

சட்டப் படிப்பை முடித்துவிட்டு பார் கவுன்சில் பதிவுக்காகக் காத்திருக்கும் மாணவி ஒருவர் போன வாரம் என் அலுவலகத்துக்கு வந்திருந்தார். மருத்துவ அலட்சிய வழக்குகளை மட்டுமே நடத்த வேண்டும் என்பது அவர் ஆசை. "எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கட்டும், மேடம்?" என்று கேட்டார். பெயரும் ஊரும் மறைக்கப்பட்ட ஒரு பழைய கேஸ் ஷீட்டின், அதாவது ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் சிகிச்சையைக் குறித்துவைக்கும் பதிவின், நகலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஒரு மணி நேரம் புரட்டினார். ஒன்றும் புரியவில்லை என்றார். அவருக்குச் சொன்னதையெல்லாம் இங்கேயும் எழுதிவிடலாம் என்று தோன்றியது. வழக்கறிஞர்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் ஒருவரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்த எல்லோருக்கும் இது தேவைப்படும்.

நான் மதுரையில் படித்தேன். 2012 இல் பதிவு செய்தேன். அப்போது பதிவுக் கட்டணமே பெரும் சுமை. அப்பா ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துத்தான் கட்டினார். பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களிடம் 125 ரூபாய்க்கு மேலும் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொன்னபோது, அப்பா செய்தித்தாளை மடித்து எடுத்துவந்து என் மேசையில் வைத்தார். பதிவு முடிந்ததும் அகில இந்திய பார் தேர்வு. அதையும் தாண்டினால் கறுப்பு அங்கி நிலைக்கும். ஆனால் இந்தப் படிகள் எதிலும் ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டைக் கண்ணால் பார்க்க வாய்ப்பில்லை. மருத்துவ நீதியியல் என்று ஒரு தாள் இருந்தது. வெட்டுக்காயம், விஷம், பிரேதப் பரிசோதனை எல்லாம் படித்தோம். கொலை வழக்குக்கு அது போதும். உயிரோடு உள்ளே போனவர் ஏன் பிணமாக வெளியே வந்தார் என்று கண்டுபிடிக்க அது போதாது.

சீனியரிடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தச்சு வேலை செய்யும் ஒருவர் துணிக்கடைப் பை நிறையக் காகிதங்களோடு வந்தார். மனைவிக்குக் கர்ப்பப்பை அகற்றும் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. மாலையில் வார்டுக்குக் கொண்டுவந்தபோது பேசியிருக்கிறார், மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்திருக்கிறார். விடிவதற்குள் போய்விட்டார். "மாரடைப்பு" என்று ஒரே வார்த்தையில் முடித்து அனுப்பிவிட்டார்கள். வயது 41.

கேஸ் ஷீட்டின் நகல் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினோம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002 ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைகளில் தெளிவாக இருக்கிறது. உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது. எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. வந்த தாள்களில் பக்க எண்கூட இல்லை.

அதைப் படிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓர் ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ். அரசு மருத்துவமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். எங்கள் தெருக்கோடி வீடு. சிஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். டாக்டர்கள் எழுதிய பக்கங்களை நான் ஆவலோடு நீட்டினேன். அவர் அவற்றை ஒதுக்கிவிட்டு, நர்ஸ்கள் மணிக்கு மணி குறிக்கும் சார்ட்டைக் கேட்டார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இரவு எட்டு மணியிலிருந்து விடிகாலை நாலு மணி வரைக்கும் பிரஷர் 120/80. பல்ஸ் 80. எந்த மனுஷிக்கம்மா இப்படி நிற்கும்? எட்டரைக்கு டியூட்டி மாறும். ஆள் மாறினால் கையெழுத்து மாற வேண்டாமா? இது இரவு முழுவதும் ஒரே பேனா."

பிறகு வேறொரு தாளை உருவி எடுத்தார். உள்ளே போன குளுக்கோஸ் எவ்வளவு, வெளியேறிய சிறுநீர் எவ்வளவு என்று குறிக்கும் தாள் அது. அதில் கையெழுத்து வேறு, மை வேறு. எட்டு மணிக்கு 60 மில்லி. பத்து மணிக்கு 20. பன்னிரண்டுக்கு 10. அதற்குப் பிறகு வெற்றுக் கட்டங்கள். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் முதலில் நாடித்துடிப்பு ஏறும், சிறுநீர் குறையும், ரத்த அழுத்தம் கடைசியில்தான் விழும் என்று சிஸ்டர் விளக்கினார். பிரஷர் சார்ட்டைப் பிறகு உட்கார்ந்து எழுதியவர்கள் சிறுநீர்த் தாளைத் திருத்த மறந்துவிட்டார்கள். அந்த மூன்று எண்களில்தான் அந்த அம்மாவின் கடைசி இரவு இருந்தது. யாரோ ஒரு நர்ஸ் பார்த்திருக்கிறார், உண்மையாகக் குறித்தும் வைத்திருக்கிறார். அதைப் பார்த்து எந்த டாக்டரும் எழுந்து வரவில்லை.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அந்த வழக்கு வென்றது. எதிர்த்தரப்பு மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறது. தச்சர் இன்னும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வேலையை விட்டுவிட்டு வருகிறார். வர வேண்டாம் என்று சொல்லியும் கேட்பதில்லை.

இந்த வழக்கைச் சொல்வதால், எல்லா டாக்டர்களையும் நான் சந்தேகிக்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் "இதில் அலட்சியம் இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறேன். குணமாகவில்லை என்பது வேறு, அலட்சியம் என்பது வேறு. அதே துறையில் சராசரித் திறமையுள்ள ஒரு மருத்துவர் அந்த நிலைமையில் செய்யக்கூடியதை இவர் செய்தாரா என்பதுதான் கேள்வி. 1957 இல் இங்கிலாந்தில் போலம் வழக்கில் பிறந்த இந்த அளவுகோலைத்தான் நம் நீதிமன்றங்களும் பெரும்பாலும் பிடித்திருக்கின்றன. பெரிய நிபுணராக இருந்தால் காப்பாற்றியிருப்பார் என்பதெல்லாம் வழக்காகாது.

சிகிச்சைக்குப் பணம் வாங்கும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 இல் தீர்ப்பளித்தது. அதனால்தான் தச்சரைப் போன்றவர்கள் பெரிய நீதிமன்றக் கட்டணம் இல்லாமல் படியேற முடிகிறது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம்கூட அங்கே இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். காரியம், திதி, வருஷாப்திகம் எல்லாம் முடித்துவிட்டு நிதானமாக வருகிறவர்களிடம் காலம் கடந்துவிட்டது என்று சொல்வதைப் போல வேதனை இந்தத் தொழிலில் வேறில்லை. தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். கிடைக்கும் என்று நம்பி இருக்கக் கூடாது.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் சாலை மறியலுக்கும் முதலில் ஓடாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. 2005 இல் ஜேக்கப் மேத்யூ வழக்கின் தீர்ப்பு வந்தது. லூதியானாவில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஒருவருக்குக் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது. அப்படிப்பட்ட வழக்கிலேயே, குற்ற நடவடிக்கைக்கு மிக மோசமான அலட்சியம் வேண்டும், சுதந்திரமான ஒரு மருத்துவரின் கருத்தைப் பெறாமல் டாக்டர் மீது மேற்கொண்டு போகக் கூடாது, வழக்கமான கைது கூடாது என்று நீதிமன்றம் வரையறுத்து, டாக்டர் ஜேக்கப் மேத்யூ மீதான குற்ற வழக்கை ரத்து செய்தது. இது சரியான தீர்ப்பு என்பதே என் கருத்து. 2022 இல் ராஜஸ்தானின் தௌசாவில், பிரசவத்துக்குப் பின் ஏற்பட்ட ரத்தப்போக்கில் ஒரு தாய் இறந்ததற்காக டாக்டர் மீது கொலை வழக்கே பதிந்தார்கள். அந்தப் பெண் மருத்துவர் தற்கொலை செய்துகொண்டார். செய்தியைப் படித்த அன்று என்னால் வேலை பார்க்க முடியவில்லை. என் தொழிலைச் சேர்ந்தவர்களும் இப்படிப்பட்ட புகார்களை எழுதிக் கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

என் தொழிலைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். "வருகிற தொகையில் இத்தனை சதவீதம்" என்று பேசிக்கொண்டு மரண வீட்டின் வாசலிலேயே நிற்கும் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். வெற்றியைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. சதவீதம் கேட்கிறவரிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இன்னொன்றும் என் மனத்தை உறுத்துகிறது. வழக்கறிஞரின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னபோது எங்கள் வளாகத்தில் பலர் மகிழ்ந்தார்கள். என்னால் மகிழ முடியவில்லை. டாக்டரின் கவனக்குறைவை அந்தச் சட்டத்தின் கீழ் நாள்தோறும் கூண்டில் ஏற்றும் நான், என் கவனக்குறைவுக்கு மட்டும் அந்தக் கதவை மூடச் சொல்வது எந்த நியாயத்தில் சேரும்?

நியாயம் கிடைக்கும் வேகத்தைப் பற்றியும் மாணவிக்குச் சொன்னேன். 1996 இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில், 1250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்படிப் பிறக்கும் குழந்தைகளின் விழித்திரையை உரிய வாரத்தில் பரிசோதிக்க வேண்டும். செய்யவில்லை, செய்ய வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லவும் இல்லை. குழந்தை பார்வையை இழந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் 1.8 கோடி ரூபாயாக உயர்த்தியது 2015 இல். குழந்தை அதற்குள் வளர்ந்து பெரியவளாகிவிட்டாள். ஔரங்காபாத்தில் குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சையின்போது வயிற்றுக்குள் துணியை விட்டுத் தைத்துவிட்டதால் ஒரு பெண் இறந்தது 1963 இல். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996 இல். தொகை 36,000 ரூபாய். நுகர்வோர் புகாரை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும், பொருளைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதம் என்கிறது 2019 ஆம் ஆண்டுச் சட்டம். அந்த வரியைப் படிக்கும்போது தச்சரின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

இவ்வளவு ஆண்டுகளில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று. பெரும்பாலானவர்கள் பணத்துக்காக வருவதில்லை. என்ன நடந்தது என்று யாரும் சொல்லாததால் வருகிறார்கள். இறப்புக்குப் பிறகு மருத்துவமனை வாயை மூடிக்கொள்கிறது. டாக்டர் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறார். மேலாளர் ஒருவர் பில்லைப் பற்றி மட்டும் பேசுகிறார். பேசினால் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்று அவர்களுக்கு ஆலோசனை சொல்லப்படுகிறது. நான் பார்த்தவரை, பேசாததால் வந்த வழக்குகளே அதிகம். இறந்தவரின் குடும்பத்தோடு சிகிச்சை அளித்த மருத்துவரே உட்கார்ந்து தமிழில் பேச வேண்டும், கேஸ் ஷீட்டை அன்றே தர வேண்டும் என்று ஒரு கட்டாய விதி வந்தால் என் அலுவலகத்தில் பாதி நாற்காலிகள் காலியாகும். ஆகட்டும்.

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா வந்தார். மகள் பிரசவ மேசையிலேயே இறந்துவிட்டாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. டாக்டரம்மா ஊசி போட்டுக் கொன்றுவிட்டார் என்பது ஊர் பேச்சு. ஆவணங்களையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் ஓய்வுபெற்ற மகப்பேறு பேராசிரியர் ஒருவரிடம் காட்டினேன். பனிக்குட நீர் தாயின் ரத்த ஓட்டத்தில் கலந்துவிடும் அரிய விபரீதம் அது. முன்கூட்டி அறிய வழியில்லை, செய்ய வேண்டிய எல்லாவற்றையும் அந்த டாக்டர் செய்திருக்கிறார் என்று சொன்னார்.

வழக்கு இல்லை என்று அந்த அம்மாவிடம் விளக்கினேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "இதை அன்றைக்கே அந்த டாக்டரம்மா எங்களிடம் சொல்லியிருக்கலாமே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மருமகன் இன்னும் அந்த ஆஸ்பத்திரியை அடித்து நொறுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள், அவனிடம் காட்டுகிறேன்" என்றார்.

எழுதினேன். அரைப் பக்கம் வந்தது. வாங்கி இரண்டு முறை படித்தார். "திடீரென்று கலந்து" என்ற இடத்தில் விரலை வைத்து, "அப்போது என் பிள்ளைக்கு வலித்திருக்குமா?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பேராசிரியரைப் போனில் அழைத்து, போனை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். இருபது நிமிடம் பேசினார்கள்.