மொட்டை மாடிச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் நிலா

வெயில் ஏற ஏற என் ஃபோனில் நிலா ரீல்ஸும் ஏறிக்கொண்டே போகிறது. கண்ணாடி ஜாடியில் தண்ணீரை நிரப்பிப் பௌர்ணமி ராத்திரி பால்கனியில் வைத்துக் காலையில் குடித்தால் உடம்புச் சூடு இறங்குமாம். அமாவாசைக்கு நோட்டில் ஆசைகளை எழுதி வைத்துப் பௌர்ணமிக்குக் கிழித்துப் போடணுமாம். இதற்கு ஆன்லைன் வகுப்பு, ஃபீஸ், தனி வாட்ஸ்அப் குரூப் எல்லாம் இருக்கிறது. அதில் ஒரு அம்மா ஜூன் மாதப் பௌர்ணமியை 'ஸ்ட்ராபெரி மூன்' என்று உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜூன் மாதம் தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் பங்கனபள்ளி கிடைக்கும்மா, வேணும்னா அந்தப் பேரை வைத்துக்கோங்க.

நான் நிலாவுக்கு எதிரி இல்லை. கோடையில் பிறை பார்த்து நாளை வகுத்துக்கொள்வது நல்ல பழக்கம் என்று நம்புகிறவள்தான். ஆனால் என் காரணம் வேறு, அதற்கு ஜாடியும் வேண்டாம், நோட்டும் வேண்டாம்.

முதலில் அந்த 'நம் உடம்பில் அறுபது சதவீதம் தண்ணீர், கடலையே இழுக்கிற நிலா நம்மை இழுக்காதா' கேள்வியை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் படித்தவர்களே இதைத் தலையாட்டிக் கேட்கிறார்கள். கடல் ஏறி இறங்குவதற்குக் காரணம், பூமியில் நிலாவைப் பார்த்த பக்கத்தை அது இழுப்பதற்கும் மறுபக்கத்தை இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம். இரண்டு பக்கத்துக்கும் நடுவே 12,700 கிலோமீட்டருக்கு மேல் இருப்பதால் அந்த வித்தியாசம் கடலில் தெரிகிறது. புழல் ஏரி எவ்வளவு பெரிசு, பௌர்ணமிக்கு அது பொங்கிக் கரை ஏறி யாராவது பார்த்தீர்களா? ஏரிக்கே அவ்வளவுதான் என்றால் அஞ்சடி சொச்சம் இருக்கிற என் உடம்பில் தலைக்கும் காலுக்கும் நடுவே என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது. அவ்வளவு ஏன், வங்காள விரிகுடாவே முன்னால் விரிந்து கிடக்கிற காசிமேட்டில், அமாவாசை பௌர்ணமி ஏற்றத்தில்கூடத் தண்ணீர் ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு மீட்டர்தான்.

நிலா வெளிச்சம் குளிர்ச்சி என்பதும் அப்படித்தான். முழு நிலாவின் வெளிச்சம் சூரிய வெளிச்சத்தில் சுமார் நாலு லட்சத்தில் ஒரு பங்கு. அது நம்மைச் சூடாக்கவும் செய்யாது, குளிர வைக்கவும் செய்யாது. ராத்திரி மாடியில் குளுகுளுவென்று இருந்தால் அதற்குக் கடல்காற்றுக்கு நன்றி சொல்லுங்கள். அந்தக் காற்று மதியமே திரும்பிவிட்டால் நாம் பிழைத்தோம். மே கடைசியில் மேற்குக் காற்று அதை மறித்துக்கொண்டு நிற்கும்போதுதான் சென்னை வேகும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி போனது, வயசானவர்கள் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, அப்புறம் எதற்கு நிலா?

கோடையில் வடசென்னையில் வாழத் தகுந்த நேரம் என்பது பகல் இல்லை. காலை ஒன்பதுக்கு மேல் சாயந்திரம் ஐந்து வரைக்கும் நாம் வெறுமனே தாக்குப்பிடிக்கிறோம், ஷீட் போட்ட வீட்டில் இருப்பவர்கள் அதுவும் இல்லை. மிஞ்சுவது இரண்டு ஓரங்கள்தான், விடியற்காலை ஒன்று, பொழுது சாய்ந்த பிறகு ஒன்று. நிலா இந்த இரண்டு ஓரங்களையும் முறை போட்டு நமக்குத் தருகிறது. வளர்பிறையில் சாயந்திரம் நம்முடையது. அஷ்டமி அன்று சூரியன் மறையும்போது நிலா உச்சியில் நின்றுகொண்டிருக்கும், நடுராத்திரி வாக்கில்தான் இறங்கும். பௌர்ணமி அன்று சூரியன் அந்தப் பக்கம் இறங்க, இந்தப் பக்கம் கடலிலிருந்து ஏறும். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தள்ளித் தள்ளி வந்து, தேய்பிறை அஷ்டமிக்கு நடுராத்திரி கிளம்பி, விடியும்போது தலைக்கு மேல் இருக்கும். அப்போது விடியற்காலை நம்முடையது. இவ்வளவுதான் கணக்கு, இதற்கு யாரும் ஃபீஸ் வாங்கத் தேவையில்லை, தினசரி காலண்டரைக் கிழிக்கும்போதே திதி போட்டிருக்கிறது.

கத்திரி சூரியக் கணக்கு, மே 4 வாக்கில் வந்து மாதக் கடைசியில் போகும், வருஷா வருஷம் அதே தேதிதான். நிலா அப்படி நிற்காது. 2025இல் சித்ரா பௌர்ணமி மே 12, கத்திரிக்கு நட்டநடுவில். 2026இல் அது மே 1, அமாவாசை மே 16, அடுத்த பௌர்ணமி மாதக் கடைசியில். அதனால் 2026 கத்திரியின் முதல் பாதி முழுக்கத் தேய்பிறை. என் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்றால், கூழ் வத்தல் போடுகிற வேலையை அந்த நாட்களில் வைத்துக்கொள்ளலாம். மூன்றரைக்கு எழுந்து கூழ் காய்ச்சி, மாடியில் துணி விரித்து, வெயில் வருவதற்குள் ஊற்றி முடிக்க வேண்டும், அந்த நேரத்துக்குத் தலைக்கு மேல் விளக்கு தயாராக இருக்கும். அடி பம்பில் மெட்ரோ தண்ணீர் பிடிப்பது, கொஞ்சம் நடப்பது, துணி துவைப்பது எல்லாம் அதே ஓரத்தில். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு மாடியில் உட்கார்ந்து சாப்பிடுவதை மே இருபதுக்கு மேல் தள்ளிவிட வேண்டும். எழுத்தில் பார்த்தால் பெரிய திட்டம் மாதிரி இருக்கிறது, நடப்பில் இது ஒன்றுமே இல்லை.

தூக்கத்தைப் பற்றிச் சொல்கிறவர்களிடம் மட்டும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. 2021இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. அர்ஜென்டினாவில் டோபா என்ற பழங்குடி மக்கள், அவர்களில் மின்சாரமே இல்லாமல் வாழ்கிறவர்களும் உண்டு, அமெரிக்காவில் சியாட்டில் நகரக் கல்லூரி மாணவர்கள், இரண்டு கூட்டத்தின் தூக்கத்தையும் கையில் கட்டிய கருவியால் அளந்தார்கள். பௌர்ணமிக்கு முந்தைய சில ராத்திரிகளில் எல்லாரும் தாமதமாகத் தூங்கப் போனார்கள், குறைவாகத் தூங்கினார்கள். அந்த நாட்களில்தானே பொழுது சாய்ந்ததும் நிலா மேலே நிற்கும்! அதனால் வளர்பிறை தசமி ஏகாதசி வாக்கில் பிள்ளைகள் பத்து மணிக்குப் படுக்கவில்லை என்றால் நான் கத்துவதில்லை, லீவுதானே, மாடியில் கிடக்கட்டும்.

இந்த ஊரில் நிலாவை வைத்துத்தான் பாதி காரியம் நடக்கிறது, நாம்தான் அதைக் கவனிப்பதில்லை. பௌர்ணமி அன்று மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், வட திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் மூன்று பேரையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்று கிளம்புகிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ராயபுரம் புனித பேதுரு தேவாலயத்தில் ஈஸ்டர் எந்த ஞாயிறு என்பதும் வசந்த காலப் பௌர்ணமியை வைத்துத்தான், அதனால் புனித வெள்ளி எப்போதும் முழு நிலாவை ஒட்டியே வரும். மண்ணடியில் நோன்பு பிறை பார்த்துத் தொடங்கி பிறை பார்த்து முடிகிறது. அது வருஷத்துக்குப் பதினோரு நாள் வாக்கில் முன்னால் நகருவதால் 2019இல் ரம்ஜான் மாதம் கிட்டத்தட்ட முழுக் கத்திரியோடு வந்தது. அந்த வருஷம் பகலெல்லாம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்த சனங்கள் ராத்திரித் தொழுகை முடிந்து தெருவில் இறங்கியபோது இருந்த கலகலப்பு இருக்கிறதே, கோடைக்கு ஏற்ற வாழ்க்கை என்றால் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. பகலில் அடங்கி, ராத்திரியில் வெளியே வந்து, சாப்பிட்டு, பேசி, குழந்தைகளை ஓடவிட்டு. திருவண்ணாமலையில் சித்ரா பௌர்ணமிக்குப் பதினாலு கிலோமீட்டரைச் சனம் ராத்திரியில் சுற்றுகிறதே, அந்தத் தரையில் மே மாதப் பகலில் வெறுங்காலோடு யார் நடப்பார்? பக்திதான், கூடவே புத்தியும் இருக்கிறது.

கடல் தொழில் செய்கிறவர்களிடம் கேட்டால் இன்னும் கறாராகச் சொல்வார்கள். நிலா காலத்தில் மீனுக்கு வலை தெரிந்துவிடும், இருட்டில்தான் மீன்பாடு என்பார்கள். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது கரைக்கு வருவது ஃபைபர் படகு மீன்தான், விலையும் அதற்குத் தகுந்த மாதிரி. அதனால் கோடையில் மீன் வாங்கும்போது பிறை தெரிந்திருப்பது பர்ஸுக்கு நல்லது. நான் வழக்கமாக வாங்குகிற அக்கா பௌர்ணமியை ஒட்டி எனக்கு நண்டு தரவே மாட்டார்.

"இப்ப நண்டு இன்னாத்துக்கு கண்ணு, உள்ள தண்ணிதான் இருக்கும். அமாவாசைக்கு வா, சதையா தரேன். இன்னிக்கு எறா எடுத்துக்கோ."

வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு சொல்கிறார் என்பதால் நம்புகிறேன். ஓடு மாற்றின நண்டின் உள்ளே சதை குறைந்து தண்ணீர் கோத்திருக்கும் என்பது உண்மைதான். அது பிறையைப் பார்த்துத்தான் நடக்கிறதா என்று யாராவது வாதம் பண்ண வந்தால், போய் அந்த அக்காவிடம் பண்ணட்டும், நான் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறேன்.

இப்போது என் ஆத்திரத்துக்கு வருகிறேன்.

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரு இடம் வேண்டும். வடசென்னையில் பால்கனி எத்தனை வீட்டில் இருக்கிறது? ஒரு ஹால், ஒரு கிச்சன், அதிலேயே ஐந்து பேர். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். மே ஜூன் மாதங்களில் நடுப்பகல் சூரியன் தலைக்கு நேராக வரும், பௌர்ணமி நிலா தெற்கே சாய்ந்து போகும், அதனால் தெற்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் படுத்தபடியே பார்க்கலாம், அந்த யோகம் உள்ளவர்கள் கை தூக்குங்கள். மற்ற எல்லாருக்கும் மொட்டை மாடிதான் வானம். அந்த மாடிக்குத்தான் பூட்டு. துணி காயப்போட ஒரு மணி நேரம் சாவி, அப்புறம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், ராத்திரியில் கேட்கவே கூடாது. நாங்கள் முன்பு குடியிருந்த ஒரு வீட்டில் ஆறு மணிக்குமேல் மாடிக்குப் போனால் அடுத்த நாள் காலையில் ஹவுஸ் ஓனர் வீட்டிலிருந்து ஆள் வரும். தண்ணீர்த் தொட்டி இருக்கிறதாம், பசங்க சிகரெட் பிடிப்பாங்களாம், பொம்பளைப் பிள்ளைகளைப் பக்கத்து மாடியிலிருந்து பார்ப்பாங்களாம். இந்தக் கடைசிக் காரணத்தைச் சொல்லும்போது மட்டும் நம்மேல் ரொம்ப அக்கறை இருக்கிற மாதிரி முகம் மாறும். பார்க்கிறவன் மாடியைப் பூட்டாமல் எங்கள் மாடியைப் பூட்டுவது என்ன நியாயம் என்று கேட்டதற்கு இன்று வரைக்கும் பதில் இல்லை.

ஷீட் வீட்டிலும் கடைசி மாடி வீட்டிலும் ராத்திரி இரண்டு மணி வரைக்கும் சுவர் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். ஃபேன் அதே சூட்டைச் சுற்றிச் சுற்றி அடிக்கும். கரன்ட் போனால் கேட்கவே வேண்டாம். அதற்கு மேலே பத்துப் படி ஏறினால் கடல்காற்று சும்மா வீணாகப் போய்க்கொண்டிருக்கிறது. மணலி பக்கம் ஷிப்ட் முடித்து நடுராத்திரி வருகிறவர், வெந்து போய்க் கிடக்கிற அறையில் படுப்பதா, அந்தக் காற்றில் படுப்பதா? எங்கள் அம்மா காலத்தில் ராயபுரத்தில் தெரு முழுக்கப் பாயைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் வாசலுக்கும் கடற்கரை மணலுக்கும் போய்ப் படுத்தார்கள். இப்போது மணல் பாதி இடத்தில் இல்லை, எண்ணூர் ரோடு நெடுகக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள், வாசலில் பைக் நிற்கிறது. மிச்சம் இருப்பது மாடி ஒன்றுதான்.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். துறைமுகப் பக்கம் எரிகிற விளக்கிலும் தெருமுனை ஹைமாஸ் லைட்டிலும் எங்கள் பக்கம் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வித்தியாசமே தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. கோடைத் தொடக்கத்தில் முட்டையிலிருந்து வெளியே வருகிற ஆமைக் குஞ்சுகள் கடல் பக்கத்து வெளுப்பைப் பார்த்து நகரும், கரைப் பக்கம் விளக்கு பளிச்சென்று இருந்தால் ரோட்டைப் பார்த்து வந்துவிடும். பெண்கள் நடக்கிற தெருவில் விளக்கை அணைக்கச் சொல்கிற ஆள் நான் இல்லை, அது வேண்டும். ஆனால் வெளிச்சம் தரையில் விழுந்தால் போதும், மேலே பார்த்து அடிக்கிற விளக்கு யாருக்கு?

அதனால் அந்த வகுப்பு நடத்துகிற அம்மாவுக்கு நான் கமென்ட் போடவில்லை. என் கோரிக்கை ஹவுஸ் ஓனர்களுக்குத்தான், இந்தப் பதிவைப் படிக்கிறவர்களிலேயே நாலைந்து பேராவது இருப்பீர்கள். வளர்பிறை சப்தமியிலிருந்து பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள் வரைக்கும் ராத்திரி பதினொன்று வரை மாடியைத் திறந்து வையுங்கள். தேய்பிறையில் காலை நாலு மணிக்கே சாவியைக் கொடுங்கள். தொட்டிக்கு மூடி போட்டுப் பூட்டிக்கொள்ளுங்கள், அதற்குத் தனிப் பூட்டு இருக்கிறது. பெருக்கி வைக்க வேண்டியது குடியிருக்கிறவர்கள் பொறுப்பு, குப்பை கிடந்தால் தாராளமாகக் கேளுங்கள். கத்திரி முடிகிற வரைக்குமாவது இதைச் செய்து பாருங்கள், மெயின்டனன்ஸில் வேண்டுமானால் ஐம்பது ரூபாய் ஏற்றிக்கொள்ளுங்கள், நான் தருகிறேன்.