டிராயிங்கில் இல்லாத கணக்கு

சிறு பட்டறைகள் டிசைன்களை ஒரே பொது ஃபோல்டரில் போட்டுவைத்தால் கூட்டு வேலை சுலபமாகும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, ஆனால் டிராயிங்கில் இருப்பது முடிந்த பொருளின் அளவுதான். மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் ரப்பர் பாகம் செய்கிறவர்களைக் கேளுங்கள். அச்சிலிருந்து எடுத்த ரப்பர் ஆறும்போது சுருங்கும். எவ்வளவு என்பது காம்பவுண்டையும் (ரப்பர் கலவை) சூட்டையும் பொறுத்தது. அதற்கேற்பத்தான் டையை (அச்சை) பெரிதாக வெட்டுகிறார்கள். அந்தக் கணக்கு டை போடுபவரின் நோட்டில் (பல நேரம் மண்டையில்) கிடக்கிறது. காம்பவுண்டு கலப்பவர் அதில் சேர்க்கும் கார்பன் பிளாக் (கரித்தூள்) அளவை மாற்றினால் சுருக்கமும் மாறும்; அதை டை போடுபவருக்கு யார் சொல்வது? யார், எதை, ஏன் மாற்றினார் என்பதையும் அந்த ஃபோல்டரிலேயே எழுதிவைக்க வேண்டும்.

அப்புறம், புதுத் தோற்றத்தை வடிவமைப்புச் சட்டம் 2000-ன்கீழ் பதியும் எண்ணமிருந்தால், விண்ணப்பிக்கும் முன் படத்தை வாட்ஸ்அப்பில் ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். முன்பே வெளியான டிசைனைப் பதிய முடியாது.